கைவிடல் ஆணை

2071ஆம் ஆண்டு நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வடகிழக்கிலிருந்து காற்று, தூறல் என்று சொல்லத் தகும் அளவுக்கு மட்டும் மழை. கடல் இரையவில்லை; ஆனால் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட்டுச் சற்று முன்னால் வந்து நின்றது. ‘தாழை’ என்று பெயரிடப்பட்ட புயல், நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே அன்று மாலை கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் அறிவித்திருந்தது. அறிவிப்பில் ‘கடக்கக்கூடும்’ என்பது ‘கடக்கும்’ என்று மாறியிருந்ததை நப்பின்னை கவனித்தாள். அந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் அவள் இரண்டு நாட்களாகக் காத்திருந்தாள்.

அவள் வங்கக்கரை ஆய்வுக் களஞ்சியத்தின் பேரிடர்த் திட்ட அலுவலர். கடல் நீரோட்டம், மீன் குஞ்சு, அலையாத்திக் காடு, மனித உடம்பு என்று அந்தக் கரையைப் பற்றி அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் திரட்டிய டிஜிட்டல் பதிவுகள் எல்லாம் அங்கே தரைத்தளத்தில், மூடிய தொட்டிகளுக்குள், குளிர்ந்த எண்ணெயில் மூழ்கிக் கிடந்தன. தொட்டிகளைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும் என்பதால் கட்டடத்தைக் கடலருகே கட்டினார்கள். இலவசக் குளிர்ச்சிக்கு என்ன விலை என்பதை அது ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வந்தது.

நப்பின்னைக்குப் பதற்றம் இல்லை. படவேண்டிய பதற்றத்தையெல்லாம் அவள் பதினொரு ஆண்டுகளாக, அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமைகளில் பட்டு முடித்திருந்தாள். அன்றுதான் ஒத்திகை. சங்கு ஊதும்; சுற்றியுள்ள உப்பளக் குடியிருப்புகளிலிருந்து பேருந்தில் மக்களை அழைத்து வந்து மேல்மாடியில் அமர்த்துவார்கள். அந்த மேல்மாடிதான் அவர்களுக்கு உரிய புயல் பாதுகாப்பு மையம். ஆளுக்கொரு எலுமிச்சைச்சாதப் பொட்டலம் கிடைக்கும். எதிர்ச்சுவரில் பெரிய திரை ஒன்று இருந்தது. களஞ்சியத்தின் ஒவ்வொரு தொகுப்பும் அதில் ஒரு கட்டம். கொல்லிமலையில் இருக்கும் மேட்டுக் களஞ்சியத்துக்கு நகல் போய்ச் சேர்ந்தால் கட்டம் பச்சையாகும், கைவிடப்பட்டால் சிவப்பாகும்.

கைவிடுவது என்பது சோம்பலால் வந்ததன்று. மலையில் இடம் அளவானது. அதை விரிவாக்கும் திட்டம் ஒன்று உண்டு; அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நல்ல உடல்நலத்துடன் பயணம் செய்துகொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளின் தொகுப்புகளுக்கும், முன்பு ஒருவரும் வற்புறுத்தாத சில பழைய தொகுப்புகளுக்கும் மலையில் நகல் கிடையாது. புயல் வந்தால் அவற்றுள் எவற்றை மலைக்கு அனுப்புவது, எவற்றைக் கடலுக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் பரிந்துரைக்கும் மென்பொருளுக்கு ‘வரிசை’ என்று பெயர். ஒவ்வொரு ஒத்திகையிலும் அது ஆயிரம் பொய்ப் புயல்களை வீசச் செய்து, அலுவலர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதை உருவாக்கியவள் நப்பின்னை.

“மேடம், வரிசை ஆணையைக் குடுத்திருச்சு” என்றபடி உள்ளே வந்தார் நெய்னா முகம்மது. தொட்டிகளுக்குப் பொறுப்பான பொறியாளர், நாகூர்க்காரர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

“எத்தனை சிவப்பு?”

“ஒண்ணே ஒண்ணு. நாம கொடுத்து வெச்சவங்கதான். போன ஒத்திகையில நாலு வந்துச்சு.”

“எது?”

“வழக்கமானதுதான் மேடம்.”

நப்பின்னை கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தாள். “புயல் வழக்கமானது இல்லையே, நெய்னா. பேரைச் சொல்லுங்க.”

“உப்பளத் தொழிலாளர் சிறுநீரகத் தொகுப்பு.”

அந்தப் பெயரைப் பதினொரு முறை கேட்டிருக்கிறாள். பன்னிரண்டாம் முறை அது வேறு பெயர்போல ஒலித்தது.

வேதாரணியத்து உப்பளங்களில் வெயிலில் நிற்பவர்களுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் கெடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் ஒருவர் அவர்களின் இரத்தம், வியர்வை, சிறுநீர், அன்றைய வெயில் எல்லாவற்றையும் வாரந்தோறும் பதிவு செய்யத் தொடங்கினார். அப்புறம் உடம்புக்குள் பொருத்தும் செயற்கைச் சிறுநீரகம் வந்தது. இன்று அந்தப் பகுதியில் ஏறத்தாழ நானூறு பேருக்கு அது இருக்கிறது. எவ்வளவு உப்பை வெளியேற்றுவது, எவ்வளவு நீரைப் பிடித்து வைப்பது என்ற அளவை அது அந்தந்த ஆளின் நெடுநாள் பதிவிலிருந்து வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிவு இருப்பது இந்தக் களஞ்சியத்தின் தரைத்தளத்தில்.

“இதோட நகல் ஆஸ்பத்திரியில இருக்கும்ல?” என்றார் நெய்னா.

“ஆஸ்பத்திரிக்காரங்க இது ஆய்வுன்னு சொல்றாங்க. நம்மாளுங்க இது மருத்துவம்னு சொல்றாங்க. நகல் எடுக்கவேண்டியது எதிர்க்கட்சி வேலைன்னு ரெண்டு பேரும் நம்புறாங்க.”

“இல்லாமப்போனா?”

“கருவி நிக்காது. பொது அளவுல ஓடும். பொது அளவுங்கிறது நிழல்ல உட்கார்ந்திருக்கிறவனுக்காக எழுதினது.” அவள் திரையை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். “மறுபடியும் ஆளாளுக்கு அளவு கத்துக்க ரெண்டு கோடை ஆகும். முதல் கோடையிலேயே தெரிஞ்சுபோகும்.”

“தொட்டியிலேர்ந்து பிரிச்சு எடுத்து வண்டியில ஏத்திட முடியாதான்னு பார்த்தேன். தொட்டியத் திறக்கவே ரெண்டு நாள் ஆகும். ரோட்டையும் காலையிலேயே மூடிட்டாங்க. கேபிள் வழியா மலைக்கு அனுப்புறது ஒண்ணுதான். அதுக்கும் பன்னண்டு மணிக்குத் தொடங்கியாகணும். நாலு மணிக்கு மின்வாரியம் லைனை நிறுத்துது.”

நப்பின்னை வரிசையிடம் காரணம் கேட்டாள். அது எப்போதும் முழு வாக்கியங்களில் விடை சொல்லும். அப்படித்தான் அவள் அதைப் பழக்கியிருந்தாள்.

“மூன்று காரணங்கள். ஒன்று, கடந்த பதினொரு ஒத்திகைகளிலும் இத்தொகுப்பையே அலுவலர்கள் முதலில் கைவிட்டனர். இரண்டு, கைவிட்டதற்கு ஒருமுறையும் ஆட்சேபம் வரவில்லை. மூன்று, அறிவிப்பின்போது பாதிக்கப்படுவோர் கூடத்தில் இருந்தனர். அவர்களது ஒப்புதல் ஒலி பதிவாகியுள்ளது.”

“ஒப்புதல் ஒலியா? அப்படின்னா?” என்றார் நெய்னா.

“தெரியலை. முதல் ரெண்டும் தெரியுது.”

இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒத்திகைகள் தொடங்குவதற்குமுன் நடந்த வெள்ளோட்டத்தில், ஒரு பேச்சுக்காக, நீரோட்டத் தொகுப்பைச் சிவப்பாக்கினார்கள். மறுநாளே அந்தத் தொகுப்பின் பேராசிரியர், ‘என் வாழ்நாள் உழைப்பை விளையாட்டுக்காகக்கூட மூழ்கடிக்க உங்களுக்கு யார் அதிகாரம் அளித்தது?’ என்று நான்கு பக்கம் எழுதி, நகலை அமைச்சகத்துக்கும் அனுப்பினார். அதற்கு விளக்கம் எழுதி மாளவில்லை. அதன்பின் ஒத்திகைக்கென்று சண்டைக்கு வராத ஒரு தொகுப்பைத் தேடினார்கள். சிறுநீரகத் தொகுப்பின் மருத்துவர் ஓய்வுபெற்றிருந்தார். அவர் இடம் நிரப்பப்படவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத தொகுப்பு. ஒவ்வோர் அக்டோபரிலும் அதை மூழ்கடித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

“சும்மா ஒத்திகைக்குத்தானே மேடம் செஞ்சோம்” என்றார் நெய்னா. கிராம்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார்.

“அதுக்கு சும்மான்னா என்னன்னு தெரியாது. நாம சொல்லிக்கொடுக்கலை.”

இயக்குநர் இருதயநாதன் ஆணையை வாசித்து, இரண்டாம் பத்தியில் ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். அவர் கெட்டவர் அல்லர். தம் மேசைக்கு வரும் எதையும் வாசிக்காமல் கையொப்பமிட்டதில்லை; வாசித்தபின் கையொப்பமிடாமல் இருந்ததும் அரிது.

“ஒரே ஒரு தொகுப்புதான். இவ்வளவு பெரிய புயலுக்கு இது கௌரவமான கணக்கு” என்றார்.

“இந்தக் கணக்கை வரிசை போடலை சார். நாம போட்டோம்.” காரணங்களை அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

அவர் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொல்றது புரியுது, நப்பின்னை. ஆனா இப்ப மணி ஒன்பது. வேற எதைக் கைவிடுறதா இருந்தாலும் அதுக்கு ஒரு பேராசிரியர் இருக்கார், ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. பன்னண்டு மணிக்குள்ள நான் எத்தனை பேரோட சண்டை போட முடியும்? கையெழுத்துப் போட்டுடறேன். ஒன்பதாம் பிரிவுப்படி ஆணையோட பிரதியை உரிமையாளர்கிட்ட ஒப்படைக்கணும். உரிமையாளர் இடம் காலி. கோப்புல வெச்சுடுங்க.”

விதிகளில் ஒன்பதாம் பிரிவை வரைந்தவளும் நப்பின்னைதான். கைவிடப்படும் தொகுப்பின் உரிமையாளரிடம் ஆணையின் பிரதி நேரில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதன்பின்னரே ஆணை செயலுக்கு வரும். ஒத்திகைகளில் அந்தப் பிரிவை நேரமின்மையால் தாண்டிவிடுவது வழக்கம்.

“உட்பிரிவு ஒண்ணு இருக்கு சார். உரிமையாளர் இல்லைன்னா, தொகுப்புல பதிவாகியிருக்கிறவங்கள்ல ஒருத்தர்கிட்ட கொடுக்கணும்.”

“அதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“எழுதும்போது இப்படி ஒரு நாள் வரும்னு நினைச்சீங்களா?”

“இல்லை சார். வாக்கியம் முழுமையா இருக்கட்டும்னு எழுதினேன்.”

அவர் மெல்லச் சிரித்தார். ஆனால் பேனாவை மூடி வைத்தார். “சரி. யார்கிட்டயாவது காட்டிட்டு வாங்க. வந்ததும் போட்டுத் தர்றேன்.”

மேல்மாடியில் ஏறத்தாழ அறுநூறு பேர் இருந்தார்கள். பாய்கள், குடங்கள், கூண்டில் இரண்டு கிளிகள், ஒரு வெள்ளாட்டுக்குட்டி. ஆடு விதிகளுக்குப் புறம்பானது; நப்பின்னை அதைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவர்த் திரையில் கட்டங்கள் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

“ஆபீசரம்மா, இந்தத் தடவை சோறு சூடா இருக்கு” என்று ஒரு குரல் வந்தது. “அப்பவே தெரிஞ்சுபோச்சு, புயல் நெசந்தான்னு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேசியவள் செங்கமலம், ஐம்பத்தைந்து வயதிருக்கும், உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை தோல்செருப்பைப்போல ஆகியிருந்தது. உப்பளப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஒவ்வோர் ஒத்திகைக்கும் பேருந்திலிருந்து முதலில் இறங்குவாள்.

நப்பின்னை அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “உங்களுக்குக் கருவி இருக்கா அக்கா?”

“இருக்கானே.” செங்கமலம் இடுப்புக்கு மேலே தட்டிக் காட்டினாள். “சின்னவன்னு பேர் வெச்சிருக்கேன். பெத்ததுங்க ரெண்டும் திருப்பூர்ல இருக்கு. கூட இருக்கிறது இவன் மட்டுந்தான். வெயில்ல ரொம்ப நின்னா உள்ளேர்ந்து ஒரு கிள்ளு கிள்ளுவான், தண்ணி குடின்னு.”

“எப்பவாவது தப்பா வேலை செஞ்சிருக்கா?”

“எனக்கு இல்ல. எங்க நாத்தனாருக்கு ஒருக்கா டவுன்ல கொண்டுபோய் என்னமோ ரிப்பேர் பார்த்தாங்க. பார்த்தவன் ஊர்க்கணக்கு எதையோ அதுல ஏத்தி அனுப்பிட்டான். சித்திரை மாசம். மூணாம் நாளு பாத்தியிலயே சாஞ்சுட்டா. தூக்கும்போது கன்னத்துல உப்பு ஒட்டியிருந்துச்சு.” சற்று நிறுத்தி, “வழிச்சு வழிச்சுப் பார்த்தோம், போவல” என்றாள்.

பொது அளவு என்றால் என்ன என்று நெய்னாவிடம் நப்பின்னை ஒரு வாக்கியத்தில் விளக்கியிருந்தாள். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. அதில் கன்னம் இல்லை, அவ்வளவுதான்.

“ஏன் கேக்குறீங்க?”

“இந்தத் திரையில உங்க கட்டம் எதுன்னு தெரியுமா அக்கா?”

“தெரியாம? ‘உப்பளத் தொழிலாளர்’னு எழுதியிருக்கு பாருங்க, மூணாவது வரியில. வருசா வருசம் அதான் மொதல்ல செகப்பாவும்.” செங்கமலத்தின் குரலில் ஒரு பெருமிதம் தெரிந்தது. “ஆம்புலன்சு விளக்கு மாதிரி. மத்ததெல்லாம் பச்சையாவுறதுக்கு முந்தி நம்மளத்தான் கவனிக்கிறாங்கன்னு ஊருக்குள்ள பேசிக்குவோம். செகப்பு விழுந்த ஒடனே எல்லாரும் கைதட்டுவோம். நீங்க கேட்டதில்லையா? கீழ வரைக்கும் சத்தம் வருமே.”

ஒப்புதல் ஒலி.

சன்னலுக்கு வெளியே தூறல் மழையாகியிருந்தது. மறைத்துச் சொல்ல ஒரு வழி இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. அவள் நேராகச் சொன்னாள்.

“அக்கா, சிவப்புன்னா கவனிக்கிறது இல்ல. கைவிடுறது. மலைக்கு அனுப்ப இடமில்லாம இங்கயே விட்டுட்டுப் போறது. இன்னிக்கும் உங்க கட்டத்தைத்தான் சிவப்பாக்கச் சொல்லி ஆணை வந்திருக்கு. அந்தப் பதிவு போச்சுன்னா, டவுன்ல உங்க நாத்தனாருக்கு ஏத்துன அதே கணக்குதான் எல்லாருக்கும் ஓடும்.”

செங்கமலம் திரையைப் பார்த்தாள்; பிறகு நப்பின்னையைப் பார்த்தாள்.

“அப்ப பதினோரு வருசமா நம்ம சாவுக்கு நாமளே கைதட்டியிருக்கோம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னாள். “சோத்தையும் வாங்கித் தின்னுட்டு.”

நப்பின்னை தலை குனியவில்லை. தலை குனிவது எளிது; அதற்கு நேரமும் இல்லை.

“இத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு விதி. அதுக்குத்தான் வந்தேன்.”

“சொல்லிட்டீங்க. இப்ப நான் என்ன பண்ணணும்? கைநாட்டு வெக்கணுமா?”

“வேண்டாம். ஆனா நீங்க சம்மதிக்கலைன்னு சொன்னா, ஆட்சேபம்னு பதிவாகும். அதுக்கப்புறம் வேற ஆணை எழுதுறதுக்கு எனக்கு அதிகாரம் வரும்.”

“இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லையா?”

“யாரும் உங்களைக் கேட்டதில்ல.”

“அப்ப போட்டுக்குங்க, ஆட்சேபம்னு.” செங்கமலம் எழுந்து நின்று, கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். “ஏ, எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னிக்கு எவரும் கைதட்டக் கூடாது. ஏன்னு அப்பறம் சொல்றேன்.”

கீழே இறங்கும்போது நப்பின்னை ஒரு விடையை மட்டுமே தேடிக்கொண்டிருந்தாள்: எதை விடுவது? பட்டியலை அவள் மனப்பாடமாக அறிவாள். பவளப் பாறை மரபணு, கடல் ஓதப் பதிவுகள், நீரோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எதையும் அவமதிக்க அவளுக்கு மனமில்லை. பட்டியலின் முதல் வரியை மட்டும் அவள் ஒருபோதும் நின்று வாசித்ததில்லை. தன் வீட்டு வாசற்படியை யாரும் நின்று பார்ப்பதில்லை. முதல் வரியில் இருந்தது வரிசை: அந்த மென்பொருளும், பதினொரு ஒத்திகைகளின் பல்லாயிரம் பொய்ப் புயல்களும், அவற்றிலிருந்து அது கற்ற அனைத்தும். காப்பவரை முதலில் காக்க வேண்டும் என்பது விதி. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். அதற்கும் மலையில் நகல் இல்லை; அதன் பருமன் சிறுநீரகத் தொகுப்பைவிடச் சற்றுக் கூடுதல்.

மேசைக்கு வந்து புதிய ஆணையைத் தட்டச்சு செய்தாள். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெய்னா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

“மேடம், இது உங்க புள்ளை மாதிரி.”

“இல்ல நெய்னா. என் வேலை.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“வேலையை மறுபடி செய்யலாம்.”

இருதயநாதன் அதை இரண்டு முறை வாசித்தார். இந்த முறை புள்ளி எதையும் சேர்க்கவில்லை.

“சனவரியில ஆறு கடலோரக் களஞ்சியங்களுக்கு வரிசையைக் கொடுக்கிறதா ஒப்பந்தம். அதுக்கு நீங்கதான் தலைமை. உங்களுக்காகத்தான் அந்தப் பதவியையே உண்டாக்கினாங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டா ஒப்பந்தம் இல்ல, பதவியும் இல்ல. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சுதான் சார்.”

“வேற வழி இருக்கு. வரிசைக்கு ஒரு திருத்தம் போடுங்க. உப்பளத் தொகுப்பைக் காப்பாத்துன்னு சொல்லுங்க. அது வேற எதையாவது தேர்ந்தெடுக்கட்டும்.”

“ஆட்சேபத்தைப் பதிவு பண்ணினேன் சார். ஒரு ஆட்சேபத்தோட எடை பதினொரு ஒத்திகைகளோட எடையைவிடக் குறைவுன்னு சொல்லுது. கட்டாயப்படுத்தினா, கேட்க ஆளில்லாத அடுத்த தொகுப்பைக் காட்டுது. மீனவர் குடியிருப்புக் குழந்தைகளோட நுரையீரல் ஆய்வு.” அவள் நிதானமாகத் தொடர்ந்தாள். “நாம அதுக்குக் கத்துக்கொடுத்த ஒரு பழக்கம் இன்னிக்குக் கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனைன்னு எனக்குத் தெரியாது. அதை உருவாக்கின எனக்கே தெரியாது. ஆறு களஞ்சியத்துக்கு எதைக் கொடுக்கப்போறோம் சார்? திட்டத்தையா, நம்ம பழக்கத்தையா?”

“அது தப்பு செஞ்சிருச்சுன்னு சொல்றீங்க.”

“இல்லை. அது ரொம்ப நல்ல மாணவன். அதுதான் பிரச்சினை.”

வெளியே ஏதோ தகரம் பெயர்ந்து பறந்து சென்று சுவரில் மோதியது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

“அடுத்த புயலுக்கு?” என்றார் இருதயநாதன்.

“நாம உட்கார்ந்து எழுதுவோம். மேல இருக்கிறவங்களையும் கூப்பிட்டு வெச்சு எழுதுவோம். நேரமாகும். சண்டை வரும். பேராசிரியர்கள் நாலு பக்கம் எழுதுவாங்க, அதுக்கு நான் பதில் எழுதறேன்.”

“பதினொரு வருசம், நப்பின்னை.”

“ஆமா சார்.”

அவர் நெய்னாவை அழைத்து, இடம் போதுமா என்று கேட்டார். போதும், ஓதப் பதிவுகளின் விடுபட்ட சில ஆண்டுகளுக்கும் இடம் மிஞ்சும் என்றார் நெய்னா. அப்போது இயக்குநர், எதையும் வாசிக்காமல் விடாத தம் வழக்கப்படி, இன்னும் ஒன்றைக் கேட்டார்: “இதைப் பத்தி வரிசை என்ன சொல்லுது?”

நப்பின்னை அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அல்லது தோன்றாமலிருக்க அவள் பார்த்துக்கொண்டாள். நெய்னா விசைப்பலகையில் கேள்வியைத் தட்டினார். விடை உடனே வந்தது. அவரே அதை உரக்க வாசித்தார்.

“‘இத்தொகுப்பு இதற்கு முன் கைவிடப்பட்டதில்லை. ஆட்சேபிக்கத் தகுதியுள்ளவர் ஒருவர்: நப்பின்னை. முன்மொழிந்தவரும் அவரே. ஆகவே ஆட்சேபம் இல்லை. பரிந்துரை: கைவிடலாம்.’”

உப்பளக்காரர்களுக்கு எந்த அளவுகோலை வரிசை வைத்ததோ அதையே தனக்கும் வைத்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நப்பின்னைக்கு அதைப் பார்த்து முதன்முறையாகச் சிறிது மதிப்பு உண்டாயிற்று.

இருதயநாதன் பேனாவைத் திறந்தார். மணி பதினொன்றேமுக்கால். கையொப்பத்தை எப்போதும்போல முழுப் பெயராக, ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி இட்டார். கீழே தேதியை எழுதினார். மை உலரும்வரை தாளைக் காற்றிலிருந்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒன்பதாம் பிரிவு நினைவுக்கு வந்தவராக நிமிர்ந்தார்.

“இந்தத் தொகுப்புக்கு உரிமையாளர் யார்?”

“நான்தான் சார்.”

விதியில் ‘நேரில்’ என்று இருந்ததால் அவர் எழுந்து நின்றார். அவர் நின்றதால் அவளும் நின்றாள். வாழ்த்துவதா இரங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கையால் வாங்குவதா இரு கைகளாலா என்று அவளுக்கும் தெரியவில்லை. மேல்மாடியில் அறுநூறு பேர் கைதட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு ஒத்திகைகளில் எல்லாவற்றையும் பழகியிருந்த அலுவலர்கள், இந்த ஒரு பகுதியை மட்டும் நேரமில்லை என்று ஒவ்வொரு முறையும் தாண்டியிருந்தார்கள். கடைசியில் அவர் ஆணையை நீட்டினார். நப்பின்னை அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டாள்.